பக்கத்துச் சீட்டு வந்தாச்சா

ஆசியாவிலேயே இரண்டாவது என்றாள் சுற்றுலா வழிகாட்டி ஜெசிந்தா. எது இரண்டாவது என்பதைக் காற்று கொண்டுபோய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளாக இருக்கலாம், அவற்றுக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் மலையாக இருக்கலாம், டிரைவர் இப்போது திட்டிய லாரியாகக்கூட இருக்கலாம். பாளையங்கோட்டையில் கிளம்பியதிலிருந்து ஆசியாவில் இரண்டாவதாக இருக்கும் பொருள்களையே கடந்துகொண்டிருக்கிறோம். முதலாவதை யாரும் காட்டுவதில்லை, அது எங்கோ பயணிகள் தொந்தரவு இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது. எழுந்து நின்று, அம்மா, உயரத்தில் இரண்டாவதா எண்ணிக்கையிலா, எந்த வருடத்துக் கணக்கு, ஆதாரம் என்ன என்று கேட்க நாக்கு துருதுருக்கிறது. கேட்டால் பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான், வேலை பார்த்த காலமெல்லாம் சம்பளத்தோடு சேர்த்து வாங்கியது. ஒரு கலைக்களஞ்சிய அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை துணையாசிரியன் நான். ககர வரிசை என் பொறுப்பு. கடல், கடலாமை, கலங்கரை விளக்கம், கன்னியாகுமரி எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயின. கன்னியாகுமரியை நான் பார்த்ததில்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்துவிட்டு இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் கடலாமையையும்தான் நான் பார்த்ததில்லை, அதைப் பற்றி யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பள்ளிக்கூடத்தில் அழைத்துப் போனார்கள். அன்று எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைக் கொத்து தொங்கிய ஜன்னல் வழியாக, எங்கள் தெருவைத் தாண்டி அந்த பஸ் போவதைப் பார்த்தேன். ஜன்னல்தோறும் கைகள் ஆடின. எனக்குக் காட்டுகிறார்கள் என்று நானும் ஆட்டினேன். பிறகு புரிந்தது, அவர்கள் தெருவுக்கே காட்டிக்கொண்டு போனார்கள். நான் இல்லாமல் கிளம்பிய முதல் பஸ் அது. காற்றாலையின் இறக்கைகள் இப்போது அந்தக் கைகளைப் போலவே ஆடுகின்றன, யாருக்கு என்றில்லாமல்.

பக்கத்துச் சீட்டில் மைக் பெட்டி குலுங்குகிறது. பஸ் கிளம்புமுன் ஜெசிந்தா விதியைச் சொன்னாள். தூத்துக்குடிப் பெண், கம்பெனி கொடுத்த நீலத் தொப்பி, அதற்குக் கீழே யாருக்கும் பயப்படாத கண்கள். "நான் தலைய எண்ண மாட்டேன். எண்ணுனா பிள்ளைய சீட்டு மாறி ஓடும், கணக்கு தப்பிரும். ஒவ்வொரு எடத்துலயும் கெளம்பும்போது ஒண்ணே ஒண்ணு கேப்பேன்: பக்கத்துச் சீட்டு வந்தாச்சா? ஒங்க பக்கத்துல இருக்கவுகளுக்கு நீங்கதான் பொறுப்பு. வந்திருந்தா வந்தாச்சுன்னு சத்தமாச் சொல்லணும். வரலைன்னா வரலைன்னு அதவிடச் சத்தமாச் சொல்லணும்." குடும்பங்கள், புதுத் தம்பதிகள், ஒரே ஆபீசைச் சேர்ந்த பெண்கள், எல்லோரும் இரண்டிரண்டாக உட்கார்ந்திருந்தார்கள், நோவாவின் படகுபோல. அவள் என் வரிசைக்கு வந்தாள். "ஒங்க பக்கத்துல யாரு சார்?" யாரும் இல்லை என்றேன். "வீட்ல வரலையா?" வீட்டில் இருப்பவர் வந்திருக்கிறார், அது நான்தான் என்றேன், இதை நகைச்சுவையாகச் சொல்லக் கொஞ்சம் பயிற்சி எடுத்திருந்தேன். "அப்ப நம்ம மைக் பெட்டி ஒங்களுக்கு ஜோடி" என்று பெட்டியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். பஸ் சிரித்தது. எல்லோருக்கும் முந்தி நான் சிரித்தேன், அதுதான் பாதுகாப்பு. முன்சீட்டில் இருந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் திரும்பிப் பார்த்து, "பெட்டின்னா நல்லதுதான் அண்ணாச்சி, எதுத்துப் பேசாது" என்றாள். பக்கத்தில் இருந்த அவள் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கேட்டுக்கோங்க" என்றார், கடலிடம் சொல்வதுபோல. அப்போது ஜன்னலுக்கு வெளியே இருந்தது ஒரு பெட்ரோல் பங்க். செண்பகம், ஆவுடையப்பன். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு. பெயரும் உத்தியோகமும் நான் கேட்காமலே வந்தன, கூடவே ஒரு கை முறுக்கும். வள்ளியூரில் காப்பிக்கு நிறுத்திக் கிளம்பும்போது ஜெசிந்தா முதல் தடவை கேட்டாள். பஸ் முழுவதும் வந்தாச்சு என்று கத்தியது. நானும் மைக் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாச்சு என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் இந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டை தெரிந்தது. பெட்டிக்கு நான் சாட்சி. எனக்கு யார் சாட்சி? நான் அந்தக் காப்பிக்கடைக் கொல்லைப்புறத்தில் கால் தடுக்கிக் கிடந்திருந்தால் இந்த பஸ் இதே உற்சாகத்தோடு வந்தாச்சு என்று கத்திவிட்டுக் கிளம்பியிருக்கும். ஒரு குரல் குறைந்திருக்கும். கூட்டத்தில் ஒரு குரல் குறைவதைக் கேட்கிற காது யாருக்கு இருக்கிறது?

அலுவலகத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் 'காண்க' என்று போட்டு, தொடர்புள்ள வேறு கட்டுரைகளைச் சுட்டுவோம். கடலைப் படித்தவர் அலைக்குப் போவார், அலையிலிருந்து நிலவுக்கு, நிலவிலிருந்து நாட்காட்டிக்கு. எப்படியோ சில கட்டுரைகள் மட்டும் எவருடைய 'காண்க'விலும் வராமல் போய்விடும். அவற்றை அநாதைகள் என்போம். அவற்றில் பிழை இராது. சொல்லப்போனால் பிழையே இல்லாதவை அவைதான், யாரும் தொடாததால். ஆனால் யாரும் அங்கே வந்து சேர மாட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் அநாதைகளைத் தேடிப் பிடித்து எங்காவது ஓர் உறவு உண்டாக்கிவிடுவது என் வேலை. கள்ளிச் செடியைக் கடற்கரையோடு சேர்த்துவிட்டிருக்கிறேன். களிம்பைக் கப்பலோடு சேர்த்துவிட்டிருக்கிறேன், கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசுகிறார்கள் என்ற சாக்கில். சாமர்த்தியமாகத்தான் இருந்தேன். தை மாதத்தில் ஒரு சாயங்காலம் குளியலறையில் வழுக்கி விழுந்து, மறுநாள் விடியும்வரை கிடந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான், எலும்பு முறியவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வென்டிலேட்டர் வழியாக மாடி வீட்டுக் குக்கர் விசிலடிப்பது கேட்டது. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு டிவியில் ஒரு பெண் அழுவது கேட்டது, எல்லா நாளும் அழுகிற அதே பெண். எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டதென்றால் நான் கூப்பிட்டால் அவர்களுக்கும் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில் சிக்கிக்கொண்டேன். காப்பாத்துங்க என்பது நாடகத்தனமாக இருந்தது, தண்ணீரில் மூழ்குகிறவன் சொல்வது. என்னைச் சுற்றித் தண்ணீர் இருந்தாலும் அது வாளித் தண்ணீர். ஐயோ என்பதற்கு யாரும் வருவதில்லை. யாராவது வாங்க என்றால், யாராவது என்ற பெயரில் மாடியில் எவரும் குடியில்லை. மாடி வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. இப்படி ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன், விடிந்தது, இடுப்பு தானாக விட்டுக்கொடுத்தது, சுவரைப் பிடித்து எழுந்து காப்பி போட்டுக் குடித்தேன். பால்காரருக்கோ மாடிக்கோ எனக்கோ எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு பயம் கூடவே நடக்கிறது. சாவுப் பயம் இல்லை, சாவைப் பற்றி நல்ல கட்டுரைகள் இருக்கின்றன. நான் வரவில்லை என்பதை யாரும் கவனிக்காமல் இருக்கப்போகிற அந்தக் கொஞ்ச காலம். ஒரு நாளா, ஒரு வாரமா, நாற்றம் வரும்வரையா? என்னைப் பற்றி யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, வரலை என்று சொல்லக் கேட்டுவிட வேண்டும். ஆசை என்று பார்த்தால் சிறியது. நிறைவேற்றுவதில்தான் தொழில்நுட்பச் சிக்கல்: அதைச் சொல்லும்போது நான் அங்கே இருக்கக் கூடாது.

கன்னியாகுமரியைப் பார்த்தேனா என்று கேட்டால் பார்த்தேன், முதுகுக்குப் பின்னால் பஸ் நிற்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பார்த்தேன். மூன்று கடல்களும் மூன்று நிறமாகத் தெரியும் என்றாள் ஜெசிந்தா. எனக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்தது, அதோடு சேர்த்து எங்கள் பஸ்ஸின் பச்சை. எங்கள் கட்டுரையில் முக்கடல் சங்கமம் என்று ஓர் உபதலைப்பு வைத்தது நான்தான், ஆகவே வாயைத் திறக்கவில்லை. படகுக்கு எல்லோரும் வரிசையில் நின்றபோது நான் போகவில்லை. படகு திரும்பி வருவதற்குள் பஸ் போய்விட்டால்? எல்லோரும் படகில் இருக்கையில் பஸ் எப்படிப் போகும் என்பதை என் மூளை ஒப்புக்கொண்டது, கால் ஒப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு முதலில் வந்து சேர்ந்தவன் நான். டிரைவர் கீழே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன சார், கடல் பிடிக்கலையா?" பிடித்தது, முடித்துவிட்டேன் என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். தினமும் வந்துபோகிறவருக்குக் கடல் முடியக்கூடியதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ்ஸுக்குத் திரும்பும்போதே முன்சீட்டில் சண்டை தொடங்கிவிட்டிருந்தது. "பாறைய எடுத்திய. படக எடுத்திய. வேட்டிய ஒணத்திக்கிட்டு நின்ன சாமியார எடுத்திய. காக்காய எடுத்திய, அதுவும் மூணு போட்டோ. என்னய ஒண்ணு எடுத்தியளா?" "காக்கா அசையாம நிக்கி" என்றார் ஆவுடையப்பன். இதைவிட மோசமான பதிலை யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. "ஆமா, நான் அசைஞ்சுக்கிட்டேதான் இருக்கேன், அசையலன்னா ஒங்களுக்குச் சோறு வராது." "சரி, வா, இப்ப எடுக்கேன்." "வேண்டாம். கேட்டு வாங்கி நான் என்ன காக்காயா?" இந்தக் கட்டத்தில் காகத்தின் நிலை என்ன என்று எனக்கே குழம்பிவிட்டது. ஆவுடையப்பன் எழுந்தார். என் பக்கத்தில் இருந்த மைக் பெட்டியைத் தூக்கித் தம் மனைவிக்குப் பக்கத்தில் வைத்தார். "நீ இதோட பேசிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சீட்டு ஒரு பெருமூச்சு விட்டது. ஒரு மனிதருடைய எடை. மூக்குப்பொடியும் வியர்வையும் கலந்த மணம். என் முழங்கைக்கு இடம் குறைந்துபோயிற்று. எவ்வளவு நாளாயிற்று என் முழங்கைக்கு இடம் குறைந்து! ஜெசிந்தா படியில் ஏறி, காணாமற்போன பெட்டியை முன்சீட்டில் கண்டுபிடித்து, மைக்கை எடுத்துக் கேட்டாள். பக்கத்துச் சீட்டு வந்தாச்சா? "வந்தாச்சு" என்றார் ஆவுடையப்பன், என் காதுக்குப் பக்கத்தில், மின்கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்கிறவருக்குச் சொல்லிப் பழகிய குரலில். நான் வந்தாச்சு. ஒருவர் சொல்லிவிட்டார். பஸ் கிளம்பும்போது கண் கரித்தது, உப்புக் காற்று என்று வைத்துக்கொள்ளலாம், ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. ஏசி உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், ஓடும் என்று போடவில்லை.

உவரிக்குப் போகும் வழி முழுவதும் பனை. நடுவில் ஓரிடத்தில் நிறுத்திப் பதநீர் குடித்தோம், பனையோலையை மடித்த பட்டையில், விளிம்பு உதட்டைக் கீறுகிற மாதிரி. ஆவுடையப்பன் தம்முடையதைக் குடித்துவிட்டு இன்னொன்று வாங்கி, முன்சீட்டு ஜன்னல் வழியாக நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து, அவரைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டது. இதை நான் பார்த்தேன். பார்த்ததற்கு அப்போது ஒரு பொருளும் கொடுக்கவில்லை, அடிக்குறிப்பில் போட வேண்டிய விஷயம் என்று தள்ளிவிட்டேன். நான் என் புதிய நிலைமையில் மிதந்துகொண்டிருந்தேன். அவரிடம் மின்மாற்றிகளைப் பற்றிக் கேட்டேன், நன்றாகச் சொன்னார். நான் அவருக்குக் கலங்கரை விளக்கங்களைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு தனித் தாளம் உண்டு, விட்டு விட்டு எரிகிற அந்தத் தாளத்தை வைத்துத்தான் இது எந்த ஊர் என்று கடலில் இருப்பவர் அறிகிறார் என்றேன். "அப்படியா" என்று தூங்கிவிட்டார். தலை என் தோளில் சாய்ந்தது. எடுத்து நேராக வைக்கலாம், வைக்கவில்லை. உவரியில் கோயிலுக்குள் போனேன், கடலுக்குப் போனேன், முதல் முறையாகப் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்காமல் நின்றேன். மீன்பிடிப் படகுகளைக் கரையில் ஏற்றியிருந்தார்கள். வலைக்குள் ஒரு நாய் சிக்கல் பிரிப்பதுபோல் படுத்திருந்தது. அலை வந்து செருப்பை நனைத்தது. இதோ, ககர வரிசைக் கடல். கட்டுரையில் இந்தச் சத்தம் இல்லை. எழுத முடியாது என்பதால் இல்லை, ஆதாரம் காட்ட முடியாது என்பதால் விட்டிருப்போம். ஹாரன் கேட்டும் மெதுவாகத்தான் நடந்தேன். போனால்தான் என்ன, சொல்ல ஆள் இருக்கிறது. பஸ்ஸில் நான் உட்கார்ந்த பிறகு ஜெசிந்தா கேட்டாள், அவர் சொன்னார், வந்தாச்சு. மறுபடியும் அந்த இனிப்பு. இனிப்பு அளவுக்கு மிஞ்சினால் என்னாகும் என்று பதநீர் குடித்த வயிறு சொல்லிக்கொண்டிருந்தது, அதே நேரத்தில் தலைக்குள் ஒரு குறும்பு எழுந்தது. வந்தாச்சு கேட்டாயிற்று. அந்த இன்னொரு சொல்?

மணப்பாட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மேடு, மேலே திருச்சிலுவைக் கோயில், அடியில் குகை, ஒரு பக்கம் வளைந்த கரை, வளைவில் ஊர். ஆபீஸ் பெண்களில் ஒருத்தி, சூரியன் கடலில் எப்போது விழும் என்று கேட்டாள். "இங்க கடல்ல உதிக்கும்மா, கரையிலதான் விழும்" என்றாள் ஜெசிந்தா. பரவாயில்லை, ஒன்று சரியாகச் சொன்னாள். குகைக்குள் எட்டிப் பார்த்தேன், அங்கே உப்பில்லாத ஊற்று இருக்கிறது என்றார்கள், நாலு பேர் வரிசையில் நின்று கையில் ஏந்திக் குடித்தார்கள். செண்பகம் ஒரு கை குடித்துவிட்டு, இன்னொரு கை ஏந்திக்கொண்டு யாரையோ தேடினாள். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப்போயிற்று. ஆவுடையப்பன் மேலே நின்று கலங்கரை விளக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் அசையாமல் நின்றது. ஹாரன் அடித்தது. எல்லோரும் இறங்கினார்கள். நான் கோயிலின் பக்கச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கீழே பஸ் முழுதாகத் தெரிந்தது, நான் தெரிய மாட்டேன். எழுபதைத் தாண்டியவன் கண்ணாமூச்சி ஆடுகிறான், காண்க: இரண்டாம் குழந்தைப் பருவம். திட்டம் எளியது. ஜெசிந்தா கேட்பாள். பஸ் கத்தும். அந்தக் கத்தலுக்கு நடுவே மின்கம்பத்துக் குரல் ஒன்று வரலை என்று சொல்லும். சொன்னதும் நான் எழுந்து, பிரார்த்தனையில் நேரம் போனதே தெரியவில்லை என்ற முகத்தோடு இறங்குவேன். மணல் சூடாக இருந்தது. சுவரில் உப்புப் பூத்திருந்தது, விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். பரீட்சை முடிவு ஒட்டும் பலகையின் முன்னால் நிற்பவன்போலக் காத்திருந்தேன். கேட்டாள். மைக்கில் அவள் குரல் மேடேறி வந்தது, காற்று இந்த முறை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துச் சீட்டு வந்தாச்சா? எல்லா ஜன்னல்களிலிருந்தும் வந்தாச்சு. அதற்குள், அதற்கு மேலே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், என் தோளில் தூங்கிய அந்த மனிதரின் குரல்: வந்தாச்சு.

காது தவறாகக் கேட்டிருக்கலாம். இல்லை, காது தவறாது, தவறைக் கண்டுபிடிப்பது என் தொழில். வந்தாச்சு என்று சொன்னார். பக்கத்தில் நான் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாரா? அல்லது அங்கே பார்க்கவே இல்லையா? பதநீர்ப் பட்டையை ஜன்னலில் நீட்டிய கை ஞாபகம் வந்தது. அடிக்குறிப்பு எழுந்து பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. அவர் முன்சீட்டைப் பார்த்திருப்பார். கன்னியாகுமரியிலும், உவரியிலும். அந்தத் தலை அங்கே இருக்கிறதா, இருக்கிறது, வந்தாச்சு. எந்தச் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தால் என்ன, எந்தக் காக்காயைப் பற்றிச் சண்டை போட்டால் என்ன. என் கண் கரித்தது இன்னொருத்தியின் வருகைக்கு. அவர்மேல் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. சிரிப்பின் அடியில் குளியலறைத் தரை குளிர்ந்துகொண்டு கிடந்தது. எஞ்சின் உறுமியது. டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். பஸ் பின்னால் வந்து திரும்பத் தொடங்கிற்று. இப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று ஒரு குரல் சொன்னது, மிகவும் நாகரிகமான குரல், என் குரல்தான். உட்கார்ந்திரு. எப்போது கவனிக்கிறார்கள் என்று பார். திருச்செந்தூரில் கவனிப்பார்களா, பாளையங்கோட்டையில் கவனிப்பார்களா, கவனிக்காமலே பஸ்ஸைக் கழுவி நிறுத்திவிடுவார்களா? நல்ல ஆராய்ச்சி. குழாய் சொட்டுகிறது. குக்கர் விசில். கூப்பிடாதே, கூப்பிட்டு வாங்கி நான் என்ன காக்காயா? செண்பகத்தின் குரல் எனக்குள் எப்படி வந்தது! அவள் அதைச் சொல்லிவிட்டுக் கன்னியாகுமரியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறாள், கை ஏந்திய தண்ணீர் ஒழுகிப்போகிறது. அவளுக்காவது முகத்தைத் திருப்பிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது. எனக்கு? எழுந்தேன். கால் மரத்திருந்தது. மேட்டின் விளிம்புக்கு வந்தேன், கையை ஆட்டினேன், பஸ் எனக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது, அம்மை போட்ட ஜன்னலுக்குக் காட்டிய அதே முதுகு. என்ன சொல்லிக் கத்துவது? நிறுத்துங்க? ஐயா? ஜெசிந்தா? ஒவ்வொரு சொல்லாக வந்தது, ஒவ்வொன்றையும் பார்த்துக் கீழே வைக்கக் கை போனது, பஸ் நகர்ந்தது, அப்போது தொண்டையைப் பிளந்துகொண்டு அது வந்தது, யாரையும் கேட்காமல்: "ஆள் வருது! ஆள் வருது!"

நாட்டில் எல்லா பஸ் நிலையங்களிலும் கேட்கிற கத்தல். ஓடி வருகிறவனுக்காக மற்றவர்கள் போடுவது. ஓடி வருகிறவனே போட்டு நான் கேட்டதில்லை, இலக்கணப்படி அவன் நான் வருகிறேன் என்றல்லவா சொல்ல வேண்டும்? ஆள் வருது என்று என்னைப் பற்றி நானே தகவல் சொல்லிக்கொண்டு, மணலில் செருப்பு ஒன்று கழன்று போக, அதை விட்டுவிட்டு, வேட்டி தடுக்க, இடுப்பு எச்சரிக்க, இறங்கினேன். முதல் கத்தலைக் கடல் தின்றது. இரண்டாவதும். மூன்றாவது எனக்கே அந்நியமாக இருந்தது, இவ்வளவு பெரிய குரலை இத்தனை காலம் எங்கே வைத்திருந்தேன்? முன்சீட்டு ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "ஏங்க! ஒங்க பக்கத்து ஆளு அங்க ஒத்தச் செருப்போட ஓடியாராரு!" பஸ் குலுங்கி நின்றது. நான் படியில் ஏறியபோது ஆவுடையப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தார், முகம் கறுத்து. "வந்தாச்சுன்னு நெனச்சேன் அண்ணாச்சி. நான் இவளத்தான் பாத்தேன்." "எனக்குப் பக்கத்துல பொட்டிதான இருக்கு" என்றாள் செண்பகம், "என்னய எதுக்குப் பாத்திய?" காதோரம் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான சீட்டைத் தட்டினாள். அவர் போய் உட்கார்ந்தார். அவர் செல்போனை எடுப்பதையும், அவள் அசையாமல் இருக்க முயல்வதையும் பின்னால் இருந்து பார்த்தேன். ஜெசிந்தாவுக்குத் தொப்பிக்கு அடியில் வேர்த்திருந்தது. "எங்க சார் போனீங்க? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" கொடுத்தேனே என்றேன். "அதுக்கு முந்தி?" அதற்கு முந்தியைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அது நீளமான கட்டுரை. அவள் செண்பகத்தின் மடியிலிருந்த பெட்டியை வாங்கி என் பக்கத்தில் வைத்தாள். பழைய இடம். முழங்கைக்கு மறுபடியும் எக்கச்சக்கமான இடம். வெளியே பனைகள் கறுத்துக்கொண்டு வந்தன. பின்னால் கலங்கரை விளக்கம் ஏற்றிவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன், இன்னும் இல்லை. பிறகு அவள் மைக்கை எடுத்து, குரலில் கொஞ்சம் பயத்தோடு, மீண்டும் ஒருமுறை கேட்டாள், பக்கத்துச் சீட்டு வந்தாச்சா? பஸ் வந்தாச்சு என்றது. பெட்டியைப் பார்த்து நானும் வந்தாச்சு என்றேன். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கியதும், தொண்டை இன்னும் கரகரத்துக்கொண்டிருந்த அந்தப் புதிய குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நானும் வந்தாச்சு."